பிள்ளையின் முதல் தூண்டில்: பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பிள்ளையை முதன்முறையாக மீன் பிடிக்க அழைத்துப்போக நினைக்கும் அப்பாக்கள், அம்மாக்கள், மாமாக்கள், தாத்தாக்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு பேர், தங்கை பிள்ளைகள் மூன்று பேர், எங்கள் புளோக்கில் "அங்கிள், நானும் வரட்டுமா?" என்று வாளியோடு வந்து நின்றவர்கள் சிலர். இவர்களை அழைத்துப்போய்ப் பட்ட பாடுதான் என் தகுதி.

வேட்டைக்கே அழைத்துப்போக முடியாதா? எங்கள் வீட்டுத் தாத்தா முயல் வேட்டைக் கதை சொல்லியே பேரனை உசுப்பிவிட்டிருக்கிறார்.

முடியாது. சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் காட்டு விலங்கையோ பறவையையோ கொல்வதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் சேர்த்துத்தான் காக்கிறது. தாத்தா சொல்வது அதற்கு முந்தைய காலம், அல்லது யாரும் கண்டுகொள்ளாத காலம்.

கதைதான் வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே ஒன்று இருக்கிறது. 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கியிருந்த புலியைச் சுட்டார்கள். அது காட்டுப்புலிகூட இல்லை, பக்கத்தில் நடந்த ஒரு விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. பாவம்! பேரன் அதைக் கேட்டு முகம் சுளித்தால் அவன் தூண்டிலுக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உயிரைத் தேடிப் போவது, காத்திருப்பது, அது கைக்கு வந்தபின் என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பது எல்லாம் படகுத்துறையிலும் உண்டு. துப்பாக்கி மட்டும்தான் கிடையாது.

எந்த வயதில் தொடங்கலாம்?

வயதைவிட, "நில்" என்றால் நிற்கிற பிள்ளையா என்று பாருங்கள். ஆறு வயதில் நிற்பவர்களும் உண்டு, பதினொன்றில் நிற்காதவர்களும் உண்டு. தண்ணீர் ஓரத்தில் அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படாத பிள்ளையை இன்னும் ஒரு வருடம் கழித்து அழைத்துப்போங்கள். நீச்சல் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் நீச்சல் குளத்தில் நீந்தத் தெரிவதும், உடை நனைந்து அலையில் தத்தளிக்கும்போது நீந்துவதும் ஒன்றல்ல. தடுப்புக் கம்பி இல்லாத இடமென்றால் உயிர்காப்பு உடையைப் போட்டுவிடுங்கள், நன்றாக நீந்துகிற பிள்ளைக்கும்தான்.

உரிமம் வேண்டுமா? எங்கே போகலாம்?

பொழுதுபோக்காகத் தூண்டில் போட இங்கே உரிமம் வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இடத்தைத்தான். பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகமும் நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகமும் குறித்திருக்கும் இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். பத்தடி தள்ளி நின்று போட்டாலும் அபராதம் வரலாம். நீர்த்தேக்கத்தில் இன்னொரு விதி உண்டு. அங்கே செயற்கை இரை மட்டும்தான். டெக்கா மார்க்கெட்டில் வாங்கிய இறாலை அங்கே கொண்டுபோய் முள்ளில் கோக்கக் கூடாது. சுங்கை பூலோவிலும் சிஸ்டர்ஸ் தீவுகளின் கடல்பூங்காவிலும் தூண்டிலே கூடாது.

முதல் முறைக்கு நான் சொல்வது தடுப்புக் கம்பி, கழிப்பறை, நிழல் மூன்றும் பக்கத்தில் இருக்கும் கடலோரப் படகுத்துறை. செம்பவாங் பூங்காவும் உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்டும் எங்கள் ஈசூன் வீட்டிலிருந்து கிட்டே என்பதால் எனக்குப் பழக்கம். கிழக்குப் பக்கத்தில் பிடோக் படகுத்துறை பிரபலம். அதை 2024 டிசம்பரில் ஓர் இழுவைப் படகு மோதியதால் மூடினார்கள். எந்த இடமானாலும் திறந்திருக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூட்டிய கதவின் முன்னால் வாளியோடு நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையைச் சமாதானம் செய்வது லேசில்லை.

போய்ச் சேர்ந்ததும் அறிவிப்புப் பலகையைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் விதியைச் சொல்வது நீங்களாக இருக்காது, பலகையாக இருக்கும். வாக்குவாதம் பாதி குறையும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

கொஞ்சம்தான். ஐந்தடி அல்லது ஆறடிக் கம்பு ஒன்று, அதற்கேற்ற சின்ன ரீல், பத்துப் பவுண்டு எடை தாங்கும் நரம்பு (தூண்டில் நூலைத்தான் நரம்பு என்போம்), எட்டாம் எண் அல்லது பத்தாம் எண் முள், சின்ன ஈயக்குண்டுகள். முள்ளின் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். கடையில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சுறா பிடிக்கிற முள்ளை வாங்கி வந்தவர்கள் உண்டு. கம்பும் ரீலும் சேர்ந்த தொகுப்பு ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். கார்ட்டூன் படம் போட்ட பொம்மைக் கம்பு வேண்டாம். முதல் நல்ல மீன் இழுக்கும்போதே அதன் ரீல் உடையும், பிள்ளையின் மனமும் கூடவே உடையும்.

என் அப்பாவிடம் கம்பே இருந்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். காலிப் பால் டின்னில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். தங்கூசி என்பார். டின்னை இடது கையில் பிடித்து வலது கையால் ஈயத்தைச் சுழற்றி விட்டால் நரம்பு டின்னிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ஆள்காட்டி விரலில் நரம்பைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மீன் கொத்துவது விரலுக்குத்தான் முதலில் தெரியும். சின்னப் பிள்ளைக்கு இன்றும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் கட்சி. தடுப்புக் கம்பிக்கு நேர் கீழே நரம்பை இறக்கினாலே போதும். படகுத்துறைத் தூண்களைச் சுற்றித்தான் சின்ன மீன்கள் மேயும்.

இவற்றோடு ஒரு நீள்மூக்குக் குறடு, நரம்பு வெட்டக் கத்தரி, ஈரத்துணி, மூடியுள்ள வாளி, தொப்பி, குடிதண்ணீர். கண்ணாடி அணியாத பிள்ளைக்கு ஒரு கண்ணாடி. கறுப்போ வெள்ளையோ, முள்ளுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

நானும் ஒரு தூண்டில் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் மகனை முதன்முதலில் சாங்கிப் பக்கம் அழைத்துப்போனபோது மூன்று கம்பு கொண்டுபோனேன். ஒன்று அவனுக்கு, இரண்டு எனக்கு. போன அரைமணி நேரத்தில் அவன் நரம்பு சிக்கிக்கொண்டது. அதே நேரம் என் கம்பு வளைந்தது. "அப்பா, அப்பா" என்கிறான், "இருடா, இருடா" என்கிறேன். இரண்டு கிலோ கொடுவா. அதை மேலே ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவன் தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அந்தக் கொடுவா அவன் நினைவிலேயே இல்லை. "அன்னிக்கு நீங்க திரும்பியே பார்க்கலப்பா" என்பது மட்டும் இருக்கிறது.

அதனால் ஒரு கம்பு, அது பிள்ளையுடையது. உங்கள் கைகள் சிக்கெடுக்க, இரை கோக்க, தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க. நல்ல மீன் மாட்டும்போது கம்பைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும். எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மீன் தப்பினால் தப்பட்டும், அது அவர்கள் தப்பவிட்ட மீன். நீங்கள் இழுத்துக் கொடுத்த மீனைவிட அதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசுவார்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

காலை ஏழிலிருந்து ஒன்பதரை, அல்லது மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகல் வெயிலில் மீனும் கடிக்காது, பிள்ளையும் நிற்காது.

கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பாருங்கள். இங்கே நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓத நேரம் கைப்பேசிச் செயலியிலேயே கிடைக்கும். வற்றி முடிந்து மறுபடி ஏறத் தொடங்கும் நேரம் எனக்குப் பிடித்தது, தண்ணீர் நகரத் தொடங்கியதும் மீனும் நகரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வேகம். ஈயம் ஓரிடத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும், பக்கத்து ஆள் நரம்போடு சிக்கும். புதுப் பிள்ளைக்கு அஷ்டமி, நவமி பக்கம் போங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் என்று பாட்டி சொன்னால், கடல் அன்றைக்குத்தான் சாதுவாக இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள்.

மின்னல் விஷயத்தில் சமரசமே கிடையாது. சிங்கப்பூரில் ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாள் எங்கோ ஓரிடத்தில் இடி இடிக்கிறது. இப்போதைய கம்புகளில் பெரும்பாலானவை கரிம இழையால் ஆனவை, அதில் மின்சாரம் பாயும். திறந்த படகுத்துறையில் அதை நிமிர்த்திப் பிடித்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். இடி கேட்டால் கம்பைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கூடாரம், மரத்தடி எதுவும் போதாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் வரும். மேற்கே வானம் கறுத்துக் காற்று சில்லிட்டால் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற கெஞ்சலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எப்படிச் சொல்லித் தருவது? நான் சொல்லச் சொல்ல அவன் கவனம் எங்கோ போகிறது.

சொல்வதைக் குறையுங்கள். வீட்டிலேயே முடிச்சுப் போடப் பழக்கிவிடுங்கள், முள்ளுக்குப் பதில் சாவி வளையத்தை வைத்து. நரம்பை வளையத்துக்குள் விட்டு, நுனியைத் தாய்நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, வளையத்தை ஒட்டி இருக்கும் சின்ன ஓட்டைக்குள் திருப்பி விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். எச்சில் விளையாட்டுக்கு இல்லை. உலர்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடாகி பலம் போய்விடும். எச்சில் என்றதும் பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் கவனம் வருமோ தெரியவில்லை, இந்த ஒரு பாடத்தை யாரும் மறந்ததில்லை.

இரை கோப்பதைப் படகுத்துறையில் காட்டுங்கள். செத்த சின்ன இறால் போதும். தலையைக் கிள்ளி எறிந்து, வால் பக்கம் முள்ளை நுழைத்து, இறாலின் வளைவும் முள்ளின் வளைவும் ஒன்றாகப் போகும்படி தள்ளி, முனை மட்டும் வயிற்றுப் பக்கம் எட்டிப் பார்க்க விட வேண்டும். பிள்ளை முதலில் கோப்பது கசாப்புக்கடை மாதிரி இருக்கும். அதையே தண்ணீரில் போடுங்கள். அழகான இரையைத்தான் கடிப்பேன் என்று எந்த மீனும் சொல்வதில்லை.

வீசுவதற்கு முன் திரும்பி யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் பிள்ளைகள் "பின்னால காலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வீசுவார்கள். தலைக்கு மேல் கம்பைத் தூக்கி வீசக் கூடாது என்ற பலகை பல இடங்களில் உண்டு. பலகை இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கீழ்வீச்சு மட்டும்தான்.

முள் யார் மேலாவது மாட்டிவிட்டால்?

மாட்டும். என் காதில் மாட்டியிருக்கிறது.

தங்கையின் இளைய மகன் பின்னால் பார்க்காமல் வீசினான், முள் என் காதுமடலில் ஏறி நின்றது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் பிள்ளைக்குக் காது குத்துவது நம் வழக்கம். எங்கள் வீட்டில் பிள்ளை தாய்மாமனுக்குக் குத்திவிட்டான். சீர்வரிசை ஏதும் வரவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளின் முனையை மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளை நறுக்கிவிட்டு உருவினார்.

அந்த எதிர்முள்தான் விஷயம். முனைக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதில். அதைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் போன வழியே வந்துவிடும், மீனுக்கும் காயம் குறையும். சில மீன்கள் கழன்று போகும், போகட்டும். பிள்ளையின் பெட்டியில் இருக்கும் எல்லா முள்ளையும் முதல் நாள் இரவே நசுக்கிவிடுங்கள்.

நசுக்காத முள் ஆழமாக ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண்ணிலோ கண்ணுக்கு அருகிலோ என்றால் தொடவே வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

எந்த மீன்களைத் தொடக் கூடாது?

பிள்ளைக்கு ஒரே விதி போதும்: பெரியவர் பெயர் சொல்லும்வரை எந்த மீனையும் தொடக் கூடாது. பெயர் தெரியாத மீனைப் பெரியவரும் தொடக் கூடாது.

பெரியவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. மலாய்க்காரர்கள் செம்பிலாங் என்று சொல்லும் விலாங்குவால் கடல்கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று விஷமுட்கள். ஓரா மீன் பார்க்கச் சாது, முதுகிலும் அடியிலும் வரிசையாக விஷமுள். அதே ஓராவைத்தான் சீனப் புத்தாண்டு நேரத்தில் சினையோடு தேடித் தேடி வாங்குவார்கள், விலையும் ஏறும். திருக்கைக்கு வாலில் முள். தண்ணீர் வற்றிய கரையில் நடப்பதானால் கல்மீனும் இருக்கலாம், செருப்புப் போதாது, தடித்த அடியுள்ள மூடுகாலணி வேண்டும். பேத்தை மீன் வயிற்றை ஊதிக்கொண்டு வரும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதன் விஷம் முள்ளில் இல்லை, உடலுக்குள் இருக்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. படம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுங்கள். பூனைக்கும் போடக் கூடாது.

விஷமுள் குத்தினால் வலி பயங்கரமாக இருக்கும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் வைப்பதுதான் முதலுதவி. 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். வலியில் பிள்ளைக்குச் சூடு தெரியாது, உங்கள் கையை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். இதற்காகவே நான் வெந்நீர்க் குடுவை ஒன்று கொண்டுபோவேன். இதுவரை மைலோ கலக்கத்தான் பயன்பட்டிருக்கிறது. முதலுதவிக்குப் பிறகும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, திருக்கை மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995.

மீன் துடிப்பதைப் பார்த்து என் மகள் அழுதுவிட்டாள். தப்பு செய்துவிட்டேனா?

அழுததில் தப்பில்லை. முன்கூட்டியே பேசாமல் அழைத்துப்போயிருந்தால் அதுதான் தப்பு. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

தங்கை மகள் அப்போது தொடக்கநிலை 2. செம்பவாங்கில் அவளுக்கு முதலில் கிடைத்தது ஒரு சாண் நீளக் கிழங்கான். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. கைதட்டினாள், படம் எடுத்தோம். வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றாள். சரி, குழந்தை பார்க்க வேண்டாம் என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு, என் காலுக்குப் பின்னால் வைத்து அதைக் கொன்றேன். கட்டை படும் சத்தம் கேட்டது அவளுக்கு. எட்டிப் பார்த்தபோது வால் மட்டும் இரண்டு முறை தரையில் அடித்தது. "மாமா, ஏன் ஒளிச்சு வைச்சு செஞ்சீங்க?" என்றாள். மீன் செத்ததற்காக அவள் அழவில்லை. நான் மறைத்ததால்தான் ஏதோ கெட்ட காரியம் நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அதிலிருந்து முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவேன். மீன் கிடைத்தால் இரண்டு வழி. விடலாம், சாப்பிடலாம். சாப்பிடுவதானால் கொல்ல வேண்டும், கொல்வதானால் உடனே கொல்ல வேண்டும், வாளியில் கிடந்து மூச்சுத் திணற விடக் கூடாது. கண்களுக்குச் சற்றுப் பின்னால் தலையின் மேல்புறம் ஒரு சின்னக் கட்டையால் பலமாக இரண்டு அடி. பிறகு செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுவது. பிள்ளை பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், வேண்டாமென்றால் திரும்பி நிற்கட்டும். அடிப்பது பெரியவர் வேலை. அதைச் செய்தால்தான் தைரியசாலி என்று பிள்ளைக்குப் பந்தயம் வைக்காதீர்கள்.

விடுவதா வைப்பதா என்ற முடிவு பிள்ளையுடையது. நீங்கள் மனசுக்குள் குழம்பே கொதிக்க வைத்திருந்தாலும், அவள் "விடலாம்" என்றால் விட வேண்டியதுதான். விடுவதிலும் முறை இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பைத் துடைத்தெடுத்துவிடும். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடலாம். பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கடையில் வாங்கிய மீனையோ வேறு இடத்தில் பிடித்ததையோ புண்ணியம் என்று நீர்த்தேக்கத்தில் விடுவது குற்றம், அங்கிருக்கும் மீன்களுக்கும் கேடு.

"அதுக்கு வலிக்குமா?" என்று கேட்பார்கள். "வலிக்காதுடா கண்ணா" என்று சொல்லிவிடாதீர்கள். காயத்தை உணரும் நரம்புமுனைகள் மீனுக்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கு வலிப்பது போலவே அதற்கும் வலிக்குமா என்பதில்தான் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். "வலிக்கும்னுதான் நினைக்கிறேன், அதான் சீக்கிரமா முடிக்கிறோம்" என்பது என் பதில். இதைக் கேட்டுவிட்டு இனி மீனே சாப்பிட மாட்டேன் என்று முடிவெடுத்த பிள்ளையும் எங்கள் வீட்டில் உண்டு. இரண்டு வருடமாகச் சாம்பார்தான். மதிக்க வேண்டியதுதான்.

பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று மாமியார் சொல்கிறார்.

மாமியாரையும் கூட்டிப்போங்கள். கடல்காற்றுக்கு ஒரு மடக்கு நாற்காலி போடுங்கள்.

எனக்கே தூண்டில் போடத் தெரியாது. நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது?

பிள்ளை இல்லாமல் இரண்டு முறை தனியாகப் போய்வாருங்கள். எந்தப் படகுத்துறையிலும் ஓரத்தில் ஒரு மலாய்ப் பாக்சிக்கோ சீன அங்கிளோ காலை ஐந்திலிருந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய நரம்புக்குக் குறுக்கே போடாமல், நான்கைந்து அடி தள்ளி நின்று, "பாக்சிக், இன்னிக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். கேட்பதற்காகவே காத்திருந்தவர் போல் சொல்வார். எனக்கு நரம்பின் இழுவையைச் சரிசெய்யக் கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒரு பாக்சிக்தான். கையால் நரம்பை இழுத்துப் பார்த்து, "மீன் ஓட நினைச்சா ஓட விடணும், அறுக்க விடக் கூடாது" என்று சொல்லி ரீலின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார்.

பிள்ளையோடு போகும்போது "அப்பாவுக்கும் புதுசுதான்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். தெரிந்த மாதிரி நடிப்பதை மீன் நம்பினாலும் பிள்ளை நம்பாது.

இறால் குளத்துக்குப் போவது எப்படி?

சுலபம். மணிக்கணக்கில் கட்டணம் கட்டினால் கம்பும் இரையும் தருவார்கள், நீலக் கொடுக்குள்ள பெரிய நன்னீர் இறால் கிடைக்கும், அங்கேயே உப்புத் தடவிச் சுட்டுச் சாப்பிடலாம். கூரை உண்டு, மழைக் கவலை இல்லை. மிதவை மெல்ல நகர்வதைப் பார்த்துப் பொறுமையாக இருக்கப் பிள்ளை அங்கே நன்றாகப் பழகும். ஆனால் அது காசுக்கு விட்ட இறால், பிள்ளைக்கும் அது தெரியும். கடலுக்கு முந்தைய ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம்.

புரட்டாசியில் என்ன செய்வது?

போகாதீர்கள். செப்டம்பர் பள்ளி விடுமுறை முடிந்தபின்தான் பெரும்பாலும் புரட்டாசி பிறக்கும், அதற்குள் ஒரு முறை போய்வந்துவிடலாம். ஜூன் விடுமுறைதான் இதற்கு நீளமான நேரம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நனைத்துவிடும்.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்?

பெரும்பாலும் கிடைக்காது. அதனால் மொத்தம் ஒன்றரை மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை "இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லும் கட்டத்திலேயே மூட்டை கட்டுங்கள், சலித்துப்போகும்வரை இருந்தால் அடுத்த முறை வராது. நடுவில் கம்பைக் கீழே வைத்துவிட்டு நண்டு துரத்தினால் துரத்தட்டும். நீர்நாய்க் கூட்டம் வந்தால் தூண்டிலை எடுத்துவிட்டு அதைப் பாருங்கள். அவை வந்தபின் எப்படியும் மீன் கிடைக்காது.

கிளம்பும் முன் நின்ற இடத்தைச் சுற்றி அறுந்த நரம்புத் துண்டுகளைப் பிள்ளையோடு சேர்ந்து பொறுக்குங்கள், மற்றவர்கள் போட்டதையும் சேர்த்து. கொக்கின் காலில் நரம்பு சுற்றி வீங்கியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் யாரும் சொல்லாமலே பொறுக்குவார்கள். பொறுக்கியதைச் சின்னச் சின்னதாக நறுக்கி வீட்டுக் குப்பையில் போடுங்கள்.

கிடைத்ததை எப்படிச் சமைப்பது? இரண்டே இரண்டு சின்ன மீன்தான்.

குழம்பில் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். தனியாக, பிள்ளை கண்ணெதிரே. கிழங்கானைச் செதில் சுரண்டி, குடல் எடுத்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிசறிப் பத்து நிமிடம் வைத்து, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். செதில் சுரண்டுவதைப் பிள்ளையிடம் கொடுங்கள், கத்தி வேண்டாம், கரண்டியே போதும். வாலிலிருந்து தலைப்பக்கமாக. சமையல்கட்டெல்லாம் செதில் தெறிக்கும், மூன்று நாள் கழித்தும் ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று ஒட்டிக்கொண்டு மின்னும். யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதையும் பிள்ளையே செய்யட்டும். என் தங்கை மகள் முதல் மீனை ஆறு பேருக்குப் பிரித்தாள். எனக்கு வால் வந்தது.